எத்தனாம் வகுப்பு என்று கேட்டார்கள்

சென்ற மாதம் ஓய்வுபெற்ற நில அளவைப் பணியாளர்களுக்கு ஒரு பாராட்டு விழா நடத்தினார்கள். எனக்கும் ஒரு சால்வை போர்த்தினார்கள். பேச வந்தவர் ஒரு கல்லூரி ஆசிரியர். என்னைக் காட்டி, "ஐயா பள்ளிக்கூடத்தில் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் வாழ்க்கை என்கிற பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்" என்றார். கூட்டம் கைதட்டியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் சொன்னதில் பாதி உண்மை கிடையாது. உண்மையான பாதி, கைதட்ட வேண்டிய விஷயம் கிடையாது.

விழா முடிந்ததும் இளைய ஊழியர்கள் சிலர் வந்து, விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள், பழைய அனுபவங்களைச் சுவையாகச் சொல்லுங்கள் என்றார்கள். சுவையாகச் சொல்ல எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன். ஆட்களின் பெயரை மாற்றியிருக்கிறேன். ஆபீசின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

எங்கள் ஊர் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் உள்ளடங்கி இருந்தது. ஊரில் இருந்த பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. அதற்கு மேலே படிக்க தென்காசிக்குப் போகவேண்டும், சம்பளம் கட்டவேண்டும். வீட்டில் ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்றார்கள். அண்ணன் போனான். நான் எல்லைக் கல் சுமக்கப் போனேன். சில வருஷம் கல் சுமந்தபின், ஐம்பதுகளின் நடுவில், அளவுச் சங்கிலி பிடிக்கிற செயின்மேன் வேலை கிடைத்தது. எனக்குப் பயிற்சி என்று யாரும் எதுவும் கொடுக்கவில்லை. "இந்த முனையைப் பிடி, அங்கன நட" என்றார்கள். அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் நிலம் அளக்கிற சங்கிலி அறுபத்தாறு அடி நீளம், நூறு லிங்க். தினமும் இழுபட்டு இழுபட்டு அதன் வளையங்கள் வாய் திறந்துகொள்ளும். அரை அங்குலம், ஓர் அங்குலம் என்று சங்கிலி நீண்டுவிடும். நீண்ட சங்கிலியால் அளந்தால் நிலம் குறையும். ஆகவே ஆபீஸ் வளாகத்தில் சரியாக அறுபத்தாறு அடி தள்ளி இரண்டு கல் பதித்து, தலையில் கீறல் போட்டு வைத்திருந்தோம். காலையில் முதல் வேலை சங்கிலியை அந்த இரண்டு கீறலுக்கும் நடுவே விரித்துப் பார்ப்பது. கூடியிருந்தால் எந்த வளையம் வாய் பிளந்திருக்கிறது என்று விரலால் தடவிக் கண்டுபிடித்து, சுத்தியலால் தட்டி மூடவேண்டும். இதை நான் கண்ணை மூடிக்கொண்டே செய்வேன்.

எனக்கு மேலே இருந்தவர் சர்வேயர் மகாலிங்கம் ஐயா. ஆலங்குளத்துக்காரர். வேலையில் அவரைப்போல் சுத்தமானவரை நான் பார்த்ததில்லை, இன்றைக்கும் அதைச் சொல்லுவேன். காக்கி அரைக்கால் சட்டை, தொப்பி, சட்டைப் பொத்தானில் நூல் கட்டித் தொங்கவிட்ட பென்சில். குரலை உயர்த்தமாட்டார். ஓர் எண்ணை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டபிறகுதான் எழுதுவார். எல்லைக் கல் நடும்போது குழியில் ஒரு கைப்பிடி அடுப்புக் கரி போடச் சொல்லுவார். கல் நகர்ந்தாலும் கரி நகராது, நூறு வருஷம் மக்காது என்பார். அது சட்டத்தில் எழுதியிருந்த முறை இல்லை. அவராகவே வைத்துக்கொண்ட வழக்கம்.

என்னை அவர் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ செயின்" என்பார். நான் ஏதாவது கேட்டால் பதில் வராது. கேள்வி காதில் விழாததுபோல் அடுத்த கல்லைப் பார்த்து நடந்துவிடுவார்.

ஆனால் குற்றாலச் சாரல் எனக்கு உதவியது. ஆனி, ஆடி மாதங்களில் தூறல் விடாது. அளவுப் புத்தகம் நனையக்கூடாது என்று அவர் எழுதும்போது நான் எதிரே நின்று குடை பிடிப்பேன். புத்தகம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். நடுவில் ஒரு நீண்ட கோடு, அதன் இருபக்கமும் எண்கள். நாங்கள் இழுத்த நீளம் நடுவில் ஏறிக்கொண்டே போகும், வலப்பக்கத்து மூலைக்கு எத்தனை லிங்க், இடப்பக்கத்து மூலைக்கு எத்தனை லிங்க் என்பது பக்கவாட்டில் விழும். பிறகு அவர் நிலத்தை முக்கோணம் முக்கோணமாக வெட்டி, பெருக்கி, பாதி போட்டுக் கூட்டுவார். இரண்டு சாரலுக்குள் அதை நான் தலைகீழாகவே படித்துத் தேறிவிட்டேன். அவர் கூட்டி முடிப்பதற்குள் எத்தனை சென்ட் என்று எனக்கு மனசுக்குள் வந்துவிடும்.

ஒருநாள் ஒரு பழைய தபால் உறையின் பின்பக்கத்தில் அன்றைய அளவை எழுதி, கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றவர் அதைப் பிடுங்கினார். முழுவதையும் படித்தார். கணக்கு சரியாக இருந்தது. அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"இது ஒனக்கு எதுக்குலே? சங்கிலியத் தொய்யாமப் பிடி. அது போதும்" என்று சொல்லிவிட்டு அதை நான்காகக் கிழித்து வாய்க்காலில் போட்டார்.

கணக்கு தப்பாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார் என்று இப்போதும் நினைக்கிறேன்.

சில வருஷத்தில் அவருக்குப் பதவி உயர்வு கிடைத்து ஆபீஸ் மேசைக்குப் போனார். அவர் இடத்துக்கு வேதநாயகம் என்று ஓர் இளைஞர் வந்தார். காலேஜில் கணிதம் படித்தவர், என்னைவிட இரண்டு வயது சின்னவர். கெட்டவர் இல்லை. வேகமாக எழுதுவார், வேகமாகக் கூட்டுவார். ஆனால் நிலத்தைக் குனிந்து பார்க்கிற பழக்கம் அவருக்கு வந்திருக்கவில்லை.

ஐந்தருவிக்குப் போகிற பாதைக்குக் கீழே, வாய்க்காலை ஒட்டி ஆவுடையம்மாள் என்கிற விதவைக்கு ஒரு வயல் இருந்தது. எழுபது சென்ட். வயலின் மேல் மூலையில் ஒரு கிணறு. வாய்க்காலில் தண்ணீர் வராத மாதங்களில் அந்தக் கிணற்றை நம்பித்தான் அந்த அம்மாள் பயிர் வைத்தார். பக்கத்தில் பெரிய தென்னந்தோப்பு. அந்த வருஷம் வெள்ளம் வந்து வாய்க்கால் கரை உடைந்ததும், தோப்புக்காரர் தம் செலவில் கரையைச் செப்பனிட்டார். செப்பனிட்ட கையோடு, தம் எல்லையை அளந்து காட்டவேண்டும் என்று மனு கொடுத்தார்.

வேதநாயகமும் நானும் இன்னொரு செயின்மேனும் போனோம். மேல் மூலைக் கல்லிலிருந்து கீழ் மூலைக் கல்வரை நான்கு செயின் நீளம். அது வரைபடத்தோடு கிட்டத்தட்டப் பொருந்தியது. ஆனால் மேல் மூலைக் கல்லிலிருந்து ஆவுடையம்மாளின் மறுபக்கத்துக் கல்லுக்கு அளந்தபோது முப்பது லிங்க் குறைந்தது. முப்பது லிங்க் என்றால் இருபது அடி. நான் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு மேல் மூலைக் கல்லைப் பார்த்தேன். சாய்வில்லாமல், அழகாக, புது மண்ணில் நின்றது. பக்கத்துக் கல்லில் எல்லாம் பாசி படர்ந்திருக்க, இதில் ஒருபக்கம் மட்டும் பாசி உரசிப் போயிருந்தது. அந்தக் கல்லை மகாலிங்கம் ஐயாவோடு நட்டவனே நான்தான்.

"சார், இந்தக் கல்லு எடம் மாறியிருக்கு. அடியில தோண்டிப் பாருங்க, கரி இருக்காது" என்றேன்.

அவர் வரைபடத்திலிருந்து தலையை எடுக்காமல், "நீ எத்தனாங் கிளாஸ் படிச்சிருக்கே?" என்று கேட்டார்.

"அஞ்சு, சார்."

"கல்லுதான் ஆதாரம்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. பழைய படத்துல தப்பு இருக்கும். நீ சங்கிலியப் பிடி."

பிடித்தேன். அதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது. அந்தப் புதுக் கோட்டின்படி ஆவுடையம்மாளின் கிணறு தோப்புக்குள் போயிற்று. தோப்பு ஆட்கள் கோட்டின் மேலேயே முள்வேலி போட ஆரம்பித்தார்கள். அந்த அம்மாள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்த என்னிடம் நேரே வந்தார்.

"தம்பி, நீ பிடிச்ச சங்கிலிதானே அது? நீயே சொல்லு. எங் கெணறு எப்பிடி அவன் கெணறாச்சு?"

அதிகாரி நிற்கிற இடத்தில் செயின்மேன் வாய் திறக்கக்கூடாது. நான் திறக்கவில்லை.

மறுவாரம் ஆபீஸ் இல்லாத நாளில் அந்த அம்மாள் வீட்டுக்குப் போனேன். மறு அளவை கேட்டு மனு போடுங்கள், கல்லின் அடியில் தோண்டிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள் என்றேன். யார் எழுதுவது என்று கேட்டார். நானே உட்கார்ந்து எழுதினேன். புல எண், பழைய படத்தில் உள்ள நீளம், இப்போது தரையில் கண்ட நீளம், குறைகிற முப்பது லிங்க், போன நிலம் ஆறு சென்ட், கரி போட்ட விவரம் எல்லாம் அதில் இருந்தன. அரசாங்க ஊழியன் தன் ஆபீசுக்கு எதிராக மனு எழுதிக் கொடுத்தால் வேலை போகலாம் என்பது தெரியும். அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருந்தது. தெரிந்தேதான் எழுதினேன்.

விசாரணைக்கு ஒரு பெரிய அதிகாரி வந்தார். தோப்புக்காரர் வக்கீலோடு வந்திருந்தார். மகாலிங்கம் ஐயாவும் ஓரத்தில் ஒரு நாற்காலியில் இருந்தார். என் கையெழுத்தை ஆபீசில் எல்லோருக்கும் தெரியும், ஆகவே மனுவை எழுதியது யார் என்று கேட்டதும் நான்தான் என்று சொல்லிவிட்டேன். வக்கீல் என்னைப் பார்க்கவே இல்லை. அதிகாரியைப் பார்த்து, இந்த ஆள் ஐந்தாம் வகுப்பு, இவனால் இப்படி எழுதமுடியாது, விஷயம் தெரிந்த யாரோ எழுதிக் கொடுத்ததை இவன் நகல் எடுத்திருக்கிறான், மனுவே மோசடி என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "ஆறு சென்ட்டுனு எழுதியிருக்கியே. எப்படி வந்தது?"

"மேல் முனையில முப்பது லிங்க் அகலம், கீழ் முனையில ஒண்ணுமில்ல. நீளம் நானூறு லிங்க். பெருக்குனா பன்னீராயிரம், அதுல பாதி ஆறாயிரம். ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட்டு. ஆறு சென்ட்டுங்கய்யா."

அதிகாரி சிரித்தார். மேசையைச் சுற்றி இருந்தவர்களைப் பார்த்து, "பரவாயில்லையே, நல்லாப் பழக்கி வச்சிருக்கீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பழக்கி வைத்திருக்கிறார்களாம். மாட்டை வண்டிக்குப் பழக்குவதுபோல. மகாலிங்கம் ஐயாவும் அந்தச் சிரிப்பில் கலந்துகொண்டார். என் கணக்கைக் கிழித்துத் தண்ணீரில் போட்டவர், பழக்கிய பெருமையை மட்டும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

மறு அளவைக்கு உத்தரவாயிற்று. அளக்க மகாலிங்கம் ஐயாவையே போகச் சொன்னார்கள். எனக்கு வழக்கில் சம்பந்தம் இருக்கிறது என்று என்னைச் சங்கிலி தொடவிடவில்லை. வாய்க்கால் கரையில் ஆவுடையம்மாளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஐயாவின் வேலையில் அன்றைக்கும் குறை சொல்லமுடியாது. முதலில் நிற்கிற கல்லைப் பெயர்க்கச் சொன்னார். அடியில் வெறும் மண். பிறகு நகராத மூன்று கற்களிலிருந்து தனித்தனியாக அளந்துவந்தார். மூன்று அளவும் ஒரே இடத்தில் வந்து விழுந்தன, தோப்புப் பக்கமாக முப்பது லிங்க் தள்ளி. அங்கே தோண்டச் சொன்னார். இரண்டடி ஆழத்தில் கரி வந்தது. கறுப்பாக, நேற்றுப் போட்டதுபோல. ஆவுடையம்மாள் கரையிலிருந்து இறங்கிப் போய் அதில் ஒரு துண்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். வேலி பிரிக்கப்பட்டது. கிணறு அவருக்குத் திரும்பியது.

அந்த அம்மாளுக்கு நீதி கிடைத்தது. அதில் எனக்குக் குறையில்லை. எனக்குக் கிடைத்தது இரண்டு காகிதம். ஒன்று, மகாலிங்கம் ஐயா எழுதிய அறிக்கையின் நகல். கல் நகர்ந்திருப்பதைத் தாம் தம் நீண்ட அனுபவத்தால் ஊகித்ததாக எழுதியிருந்தார். என் பெயர் எங்கும் இல்லை. இன்னொன்று, பொதுமக்களுக்கு மனு எழுதிக் கொடுத்த குற்றத்துக்காக எனக்கு வந்த எச்சரிக்கை. அது என் பணிப் பதிவேட்டில் ஏறியது. கல்லை நகர்த்தியவர் யார் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

என்னைத் தேடி வந்து பேசியவர் வேதநாயகம் ஒருவர்தான். மாற்றலாகிப் போவதற்கு முந்தின நாள், ஆபீசுக்கு வெளியே டீக்கடையில் வைத்து, "தப்பு எம்மேலதான், சண்முகவேல். தோண்டச் சொன்னீங்க. நான் தோண்டியிருக்கணும்" என்றார். பிறகு தம் பையிலிருந்து, தாம் பள்ளிக்கூடத்தில் படித்த கணிதப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். பிரைவேட்டாக எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம், அப்புறம் எஸ்.எஸ்.எல்.சி. எழுதலாம், அது பாஸ் செய்தால் சர்வேயர் பயிற்சிக்கு மனு போடலாம் என்று வழி சொன்னார். அத்தனை வருஷம் அந்த ஆபீசில் இருந்தேன். அப்படி ஒரு வழி இருக்கிறது என்று சொன்ன முதல் ஆள் அவர்.

அன்று வீட்டில் அந்தப் புத்தகத்தைப் பிரித்தேன். முக்கோணப் பாடம். ஒரு செவ்வகத்தைக் குறுக்கே கோடு போட்டு வெட்டியிருந்தார்கள். இரண்டு முக்கோணம், இரண்டும் ஒரே அளவு. அதனால்தான் பாதி. பத்து வருஷமாகப் பாதி போட்டுக்கொண்டிருந்தேன், ஏன் பாதி என்று எனக்குத் தெரியாது. மகாலிங்கம் ஐயா பாதி போட்டார், நானும் போட்டேன். இதைப் படிப்பவர்கள், அப்போது எனக்கு ஆனந்தம் பொங்கியிருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஈர மண்ணில் குச்சியால் ஒரு கோடு இழுத்திருந்தால் போதும். ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷத்தை எனக்குக் கொடுக்க அந்த மனிதருக்குப் பத்து வருஷத்தில் மனசு வரவில்லை.

அனுபவத்தால் எல்லாம் வந்துவிடும் என்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அனுபவம் எனக்கு எப்படி என்று காட்டியது. ஏன் என்று காட்ட ஓர் ஆளோ ஒரு புத்தகமோ வேண்டியிருந்தது. வேதநாயகத்துக்கு ஏன் என்பது தெரிந்திருந்தது, கல்லின் பாசியைப் பார்க்கத் தெரியவில்லை. அவருக்குக் குறைந்ததை அவர் ஒரு வருஷத்தில் கற்றுக்கொண்டார், அதற்குச் சம்பளமும் வாங்கினார். எனக்குக் குறைந்ததை நான் கற்றுக்கொள்ள ஆறு வருஷம் ஆயிற்று.

எட்டாம் வகுப்பு முதல் தடவையே தேறினேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷ் இரண்டு தடவை என்னைக் கவிழ்த்தது. பரீட்சை ஹாலில் என்னைச் சுற்றி மீசை முளைக்காத பையன்கள். ஒரு வாத்தியார் நான் யாருக்கோ துணைக்கு வந்தவன் என்று நினைத்து வெளியே போகச் சொன்னார். நுழைவுச்சீட்டைக் காட்டினேன். கணிதத் தாளில், ஒரு நிலத்தின் அளவுப் புத்தகக் குறிப்பைக் கொடுத்து, பரப்பு எவ்வளவு என்று ஒரு கேள்வி வந்திருந்தது. நடுவில் நீண்ட கோடு, இருபக்கமும் எண்கள். அதை முதல் தடவையாக நேராகப் பார்த்து எழுதினேன்.

மூன்றாவது தடவையில் தேறினேன். சர்வேயர் பயிற்சிக்கு மனு போட்டேன். பதில் இரண்டு வரி. வயது வரம்பு தாண்டிவிட்டது, பரிசீலிக்க இயலாது. அதற்கு அடுத்த மாதமே, புதிதாகச் சேர்ந்த சர்வேயர்கள் ஐந்து பேரை என்னோடு அனுப்பி, வயலில் எல்லாம் காட்டிக்கொடு என்றார்கள். சங்கிலியைச் சோதிப்பது, நேர்கோடு பார்ப்பது, நகர்ந்த கல்லைக் கண்டுபிடிப்பது எல்லாம் காட்டினேன். அவர்கள் பயிற்சி முடித்ததாகச் சான்றிதழ் வாங்கினார்கள். நான் செயின்மேனாகவே இருந்து, செயின்மேனாகவே ஓய்வு பெற்றேன்.

மகாலிங்கம் ஐயாவைக் கடைசியாகப் பார்த்தது எழுபதுகளின் நடுவில், தென்காசி பஸ் ஸ்டாண்டில். அவர் ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். காசி விசுவநாதரைக் கும்பிட்டுவிட்டு ஆலங்குளம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். காலடியில் ஒரு தகரப் பெட்டி, ஒரு பலாப்பழம், ஒரு பை. என்னைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் பேசினார். நான் பரீட்சை எழுதியதும் மனு தள்ளுபடியானதும் அவர் காதுக்கு எட்டியிருந்தது.

"ஒனக்கெல்லாம் எதுக்குலே பரீட்சையும் பாசும்? ஒனக்குத் தெரியாததா அந்தப் பயலுவளுக்குத் தெரிஞ்சிட்டு? ஒன்ன மாதிரி ஆளுக்கு வயக்காடுதாம்லே காலேஜு" என்றார். என்னைத் தேற்றுவதாகவே அவர் நினைத்தார். அதனால் எனக்கு ஆத்திரம் இன்னும் கூடியது.

"ஐயா, ஒங்க மவன் இப்போ என்ன செய்யுதாரு?" என்று கேட்டேன்.

"இன்ஜினியரிங். மூணாவது வருசம்" என்றார். குரலில் பெருமை இருந்தது.

"அவர ஏன்யா வயக்காட்டுக்கு அனுப்பல?"

அவர் என்னைப் பார்த்தார். காதில் விழாததுபோல் அடுத்த கல்லைப் பார்த்து நடக்க அங்கே கல் எதுவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

ஆலங்குளம் பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியது. அவர் பழக்கத்தில் பெட்டியை விட்டுவிட்டுப் படியில் ஒரு காலை வைத்தார், வைத்தபின் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எத்தனையோ ஊர் நடந்தவன் நான். அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் இறங்கி வந்து, குனிந்து, தானே பெட்டியைத் தூக்கினார். அதை ஏற்றிவிட்டுப் பைக்கு ஒரு தடவை, பலாப்பழத்துக்கு ஒரு தடவை என்று இறங்கி ஏறினார். கண்டக்டர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பஸ் புறப்படும்வரை நான் அங்கேயேதான் நின்றேன்.